என்னைப் பற்றி நானே சொன்ன பொய்

கண்டிச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் அப்போது எனக்கு ஒரு குடைக்கடை இருந்தது. அதை ஒட்டியிருந்ததும் குடைக்கடைதான். அதன் முதலாளி அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம். என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். வாரம் முழுக்க ஒருவர் வாசலில் தயங்கும் ஆளை மற்றவர் கைதட்டி இழுப்போம். ஆனால் வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் நான் அவர் கடையில் உட்கார்ந்துகொண்டு என் கடையிலும் ஒரு கண் வைத்திருப்பேன். ஞாயிறு காலை நான் தேவாலயத்துப் பூசைக்குப் போனால் அவர் என் கடையில். காசு போடும் மேசை லாச்சிச் சாவியும் கைமாறும்.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. நனைந்தபடி ஓடிவந்த தோட்டத்துக் கங்காணி ஒருவர் நானாவின் குடையொன்றை விரித்துப் பார்த்தார். என்னைக் கடைக்காரன் என்றே நினைத்துவிட்டார்.

"பக்கத்துக் கடைக்காரன் சரியான ஏமாத்துக்காரனாமே?"

எனக்குக் காது சூடேறியது. இல்லையென்று சொன்னால் மனிதர் அங்கே போய்விடுவார். அது நானாவின் வியாபாரம்.

"அப்படித்தாங்க பேசிக்கிறாங்க. அந்தப் பக்கமே போயிடாதீங்க" என்று சொல்லிக் குடையை விற்றேன்.

தொழுதுவிட்டு வந்த நானா கதையைக் கேட்டுத் தொப்பி விழச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தால், என் கடையில் தொங்கிய ஊதாக் குடையைக் காணோம். பிடியில் கிளித்தலை வைத்த குடை. பார்த்தவர்கள் சிரித்தார்களே தவிர யாரும் வாங்கியதில்லை.

"யாருக்கு நானா வித்தீங்க?"

"எங்கட மச்சானுக்குத்தான். பொஞ்சாதிட தம்பி."

"உங்க கடையில நல்ல குடையெல்லாம் இருக்கே!"

"ஞாயித்துக்கிழம காலையில நான் உங்கட கடை ஆள், தம்பி. பக்கத்துக் கடையில என்ன ஈக்குதுண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லி வாய் மூடவில்லை, மச்சான் வந்து நின்றார். விரித்த குடை மடங்க மறுத்துவிட்டதாம். அந்தக் குடையோடு அவரை பஸ்ஸில் ஏற்றவில்லையாம். தலைக்கு மேல் ஊதாக் குடை அப்படியே விரிந்திருந்தது. நான் அவசரமாக வேறு நல்ல குடையொன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நானாவின் பக்கம் திரும்பவேயில்லை.

"ராத்தாகிட்டச் செல்றன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவிடம் சொல்லப் போகிறார் என்றதும் நானாவின் முகம் விழுந்துவிட்டது. அன்று தெருவில் எல்லாக் கடையும் சாத்திய பிறகும் அவருக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நானும் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு துணைக்கு இருந்தேன்.