தொழில்: மீன் வெட்டுவது

வெள்ளவத்தை மார்க்கெட்டில் மீன் விற்பவர்கள் வேறு, மீன் வெட்டுபவர்கள் வேறு. இது தெரியாமல் யாராவது அங்கம்மாவிடம் வந்து தோரா மீன் என்ன விலை என்று கேட்டால், அவள் கத்தி முனையால் எதிர்ப்பக்கத் தட்டைக் காட்டுவாள். "அங்க வாங்கிக்கிட்டு வாங்க. வெட்டுறதுதான் நம்ம வேலை." மீன் விற்கிறவர்கள் மீது அவளுக்கு எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு. விற்பதற்கு வாய் போதும், வெட்டுவதற்குத் தோள் வேண்டும் என்பது அவளுடைய கட்சி.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து இந்த மார்க்கெட்டுக்கு வந்தபோது இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை ஜீவராணி. புருஷன் காளியப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். வத்தளைப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று போனான், போனவன் போனவன்தான். அங்கம்மா மார்க்கெட் மூலையில் குந்தி இறால் உரித்தாள். உரிக்கிறவள் கூலிக்கும் வெட்டுகிறவன் கூலிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று மூன்றாம் மாதமே கண்டுகொண்டாள். தனக்கும் ஒரு வெட்டுக்கட்டை போட இடம் தாருங்கள் என்று கேட்டாள். வெட்டுகிற ஆண்கள் சிரித்தார்கள். பொம்பளை கை தோராவின் முள்ளில் நிற்காது என்றார்கள்.

அவள் யாரிடமும் மறுபடி கேட்கவில்லை. முகத்துவாரத்தில் ஒரு மரக்காலையில் புளியங்கட்டை ஒன்று வாங்கி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் கட்டைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னான். "குடு, அதுவும் வேலைக்குத்தான் போகுது" என்று சிங்களத்தில் சொல்லி வாங்கிக்கொண்டாள். அன்று போட்ட கட்டையை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை. அசைக்கச் சிலர் பார்த்தார்கள்தான்.

வெட்டச் சொல்கிற விதத்திலேயே ஆள் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சிங்களவர்கள் அம்புல் தியல் என்ற புளிக்கறிக்குச் சதுரத் துண்டு கேட்பார்கள். விருந்துக்கு வாங்குகிற முஸ்லிம் வீட்டார் மொத்தமான, தடித்த துண்டு கேட்பார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் தோராவை அறக்குளா என்பார்கள், தலையை மட்டும் ஒருக்காலும் விட்டுப்போக மாட்டார்கள். நாடே பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில், பாதி மீனை வாங்கிக்கொண்டு வெட்கத்தோடு வந்தவர்களிடம் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். வீட்டில் எத்தனை பேர்? அத்தனை துண்டும் ஒரே அளவில் விழும். அந்த நாட்களில் கொழும்பில் பிள்ளைகள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சண்டை பிடிக்காமல் சாப்பிட்டிருந்தால் அதில் தன் பங்கும் உண்டு என்று இப்போதும் சொல்லிக்கொள்வாள்.

இந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மழை நாளில் வலது தோள் குடையும், இடது சுட்டுவிரலின் நுனி பத்து வருடமாக மரத்துக் கிடக்கிறது, தேசிக்காய் எவ்வளவு தேய்த்தாலும் வாடை முழங்கையை விட்டுப் போகாது. இருந்தும் விடிய வந்து, ஈரக் கட்டையில் முதல் வெட்டுப் போட்டு, கத்தி முள்ளைத் தாண்டி இறங்குகிற அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவளுக்கு உடம்பு நிமிர்ந்துவிடும். "பாவம், பொம்பளை இந்த வேலை செய்யுது" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர்களுடைய மீனில் செதில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

அவளிடம் சனிக்கிழமை தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் கனகேஸ்வரி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் ஐந்தாம் மாடியில் வீடு, புருஷன் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரே மகன் கார்த்திகன் கம்பியூட்டர் கம்பனியில். பன்னிரண்டு வருடமாக ஒரே கட்டளை: துண்டு விரல் மொத்தம், தலை நாலாய். "நீர் வெட்டினால்தான் குழம்பு குழம்பா வரும்" என்று வாயாரச் சொல்லியும் இருக்கிறார்.

அந்தக் கார்த்திகன் காலி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி மாற்றப் போனான். அங்கே வேலை செய்தவள் ஜீவராணி. ஆறு மாதத்தில் அவன் மூன்று கண்ணாடி மாற்றினான். தாயிடம் சொல்லும்போது, பெண்ணின் தாய் மார்க்கெட்டில் பிஸ்னஸ் செய்கிறா என்று மட்டும் சொன்னான். அவனுக்கு அவ்வளவுதான் தைரியம்.

பெண் கேட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வந்த அன்று, பலகாரத் தட்டோடு மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்ற கனகேஸ்வரி, பட்டுச் சேலையில் கதவைத் திறந்தவளைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக "நீர்" என்று கூப்பிட்ட வாய் ஒருகணம் திறந்தபடியே நின்று, பிறகு "நீங்களோ" என்றது. தேத்தண்ணியைக் குடித்தார், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகன் பிடித்த பிடியில் நின்றான். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர் அறக்குளாவைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசையில் வெட்டுகிற முர்ஷிதிடம் போனார். முர்ஷித் நெளிந்தான்.

"அக்கா, ஒங்கட சம்பந்தி எனக்கிட்ட வாராங்க. நான் என்னத்த செய்ற?"

"வெட்டிக் குடு" என்றாள் அங்கம்மா. "தலையை நாலா வெட்டு. உனக்கு அது சரியா வராது, இருந்தாலும் வெட்டு."

கலியாண எழுத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கனகேஸ்வரி போனில் வந்தார். கோவிலில் தாலி கட்டு பிறகு, பதிவாளர் வந்து எழுத்து எழுதுவது முதலில். சாட்சிக் கையெழுத்துக்கு நாலு பேர் மதிக்கிற ஆட்களைப் பிடிப்பது அவர்கள் வழக்கம்.

"எங்கட பக்கத்துக்குச் சிவபாதசுந்தரம் அண்ணை. பாங்க் மனேஜரா இருந்தவர். உங்கட பக்கத்துக்கும் ஒரு டொக்டரைச் சொல்லி வைச்சிருக்கிறன், நீங்கள் ஒண்டுக்கும் அலைய வேண்டாம். பிறகு, ஒண்டு சொல்லுறன், குறை நினையாதேங்கோ. ஆரும் கேட்டா பிஸ்னஸ் எண்டு சொல்லுங்கோ. அது பொய்யும் இல்லைத்தானே."

அங்கம்மா "சரிங்க, பார்ப்போம்" என்று வைத்துவிட்டாள். அன்று மாலை மகளிடம், எழுத்தில் என்னென்ன எழுதுவார்கள் என்று கேட்டாள். ஜீவராணி ஏற்கனவே நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் போனில் காட்டினாள். பெண்ணின் பெயர், வயது, தொழில். தகப்பன் பெயர்: காளியப்பன். தகப்பன் தொழில்: வியாபாரம்.

"அவன் என்னடி வியாபாரம் பண்றான்?"

"தெரியலம்மா. ஏதாவது எழுதணுமே."

"என் பேரு எங்க?"

"தாய்க்குக் கட்டம் இல்லம்மா. படிவமே அப்படித்தான்."

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாளாவது எட்டிப் பார்க்காதவனுக்கு ஒரு கட்டம், அதில் இல்லாத தொழிலும் ஒன்று. இந்தக் கையால் வெட்டிய மீனில் வளர்ந்து, படித்து, உத்தியோகம் பார்க்கிற பிள்ளையின் கலியாணப் பதிவில் இவள் எங்குமே இல்லை. அங்கம்மா படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"சாட்சிக்காரங்களுக்கு என்ன எழுதுவாங்க?"

"பேர், தொழில், விலாசம்."

"அப்ப நான்தான் சாட்சி."

ஜீவராணி போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "அம்மா, அவங்க டொக்டருக்குச் சொல்லிட்டாங்க. அவங்க ஆளுங்க எல்லாம் வருவாங்க. நான் அந்த வீட்டுல இருக்கப் போறவ. ஒரு நாளைக்குத்தானேம்மா."

"உனக்கு ஒரு நாள். எனக்கு இருபத்தி மூணு வருஷம்."

பிறகு பத்து நாளும் இரண்டு பேரும் சோறு, சேலை, சாவி என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். தன் வீம்பால் பிள்ளையின் வாழ்க்கை நின்றுபோனால் என்ன செய்வது என்று அங்கம்மா பயந்தாள். நன்றாகவே பயந்தாள். ஆனால் பிஸ்னஸ் என்ற சொல்லை வாயில் வைத்துப் பார்த்தபோதெல்லாம் அது தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அந்த முள்ளை விழுங்கிக்கொண்டு இருக்க அவளால் முடியாது.

எழுத்து ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஹோலில். அங்கம்மா உள்ளே போய் நாற்காலிகளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முன்வரிசைக் கண்ணாடிக்காரர் சனிக்கிழமைப் பாரைத் தலை. அவருக்குப் பக்கத்து அம்மா கணவாய், மை எடுக்காமல். சிவபாதசுந்தரம் ஐயா விளைமீன், வால் பக்கம் வேண்டாம். பாதிக்கு மேற்பட்டவர்களின் அடுப்பில் கொதித்த மீனை அவள் தொட்டிருக்கிறாள். அவர்களும் அவளைத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்தவுடன் எல்லோருக்கும் மேலே சுற்றுகிற மின்விசிறியில் ஏதோ பார்க்க இருந்தது.

பதிவாளர் கிருஷ்ணராஜ் பெரிய புத்தகத்தை விரித்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டான், பெண் போட்டாள். சிவபாதசுந்தரம் ஐயா தங்க மூடிப் பேனாவால் போட்டார். அடுத்தது டொக்டர். அவர் எழும்ப முன்னம் அங்கம்மா எழும்பிவிட்டாள்.

"டொக்டர் ஐயா, நீங்க இருங்க. என் புள்ளைக்கு நான் சாட்சி போடுறேன்."

கனகேஸ்வரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாருங்கோ, எல்லாம் ஒழுங்கு செய்தாச்சு. சனம் பாக்குது."

"பார்க்கட்டுங்க. சாட்சின்னா எல்லாத்தையும் கூட இருந்து பார்த்த ஆளு. டொக்டர் ஐயா என் புள்ளையை இன்னைக்குத்தான் பார்க்கிறாரு."

பதிவாளர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "ஆர் சாட்சி எண்டு நான் சொல்ல ஏலாது. நீங்கள் சொல்லுங்கோ, தங்கச்சி."

எல்லாக் கண்ணும் ஜீவராணியின் மேல் திரும்பின. அவள் தலை குனிந்திருந்தது. அங்கம்மா மகளின் உச்சிப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று பிள்ளை சொல்லிவிட்டால் பேசாமல் போய் உட்கார்ந்துவிடுவது என்று அந்த நொடியில்தான் முடிவு செய்தாள். நாளைக்குக் கட்டையில் நின்று என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா போடட்டும், சேர்" என்றாள் ஜீவராணி. கொஞ்சம் பொறுத்து, தலையை நிமிர்த்தி, "அம்மாதான் போடணும்" என்றாள்.

டொக்டர் நல்ல மனுஷன், தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்தார். பதிவாளர் பெயர் கேட்டார், விலாசம் கேட்டார், எழுதினார்.

"தொழில்?"

"பிஸ்னஸ்" என்றார் கனகேஸ்வரி, பின்னாலிருந்து.

"மீன் வெட்டுறது" என்றாள் அங்கம்மா. "வெள்ளவத்தை மார்க்கெட்."

பதிவாளரின் பேனா அந்தரத்தில் நின்றது. அவர் இரக்கப்பட்டுத்தான் கேட்டார். "மீன் வியாபாரம் எண்டு போடட்டே, அம்மா?"

"வியாபாரம் பண்றவங்க வேற ஆளுங்க. நான் வெட்டுறேன். இந்தப் புத்தகத்துல வியாபாரம்னு ஒரு பொய் ஏற்கனவே இருக்கு, இன்னொண்ணு வேணாம். உள்ளதை எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதி முடியும்வரை அவள் அந்த எழுத்துகளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பிறகு, மரத்த சுட்டுவிரலைப் பேனாவுக்கு அண்டைகொடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் தன் பெயரை முழுதாக எழுதினாள். நன்றாக வெட்டித் தருகிற அம்மா என்று ஒரு சொல் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, தாலி கட்டும் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை அங்கம்மாவின் கட்டைக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். முர்ஷிதின் கட்டைக்கு முன்னால் ஆளே இல்லை. கனகேஸ்வரி நாலு கிலோ அறக்குளாவைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, முர்ஷிதைப் பார்த்தார். மருமகளுக்கு வீட்டில் முதல் மீன் சமையல். தலை சிதறினால் குழம்பு குழம்பாக வராது. அவர் மெதுவாக நடந்து வந்து இந்தப் பக்கம் நின்றார், வரிசைக்குக் கொஞ்சம் வெளியே, பழைய வாடிக்கைக்காரர் நிற்கிற இடத்தில்.

அங்கம்மா நிமிர்ந்தாள். மார்க்கெட்டின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்கிற குரல் அவளுக்கு. "வாங்க சம்பந்தி. பின்னால நிக்கிறாங்க பாருங்க, வரிசையில வாங்க."

வரிசையில் நின்ற ஒரு அம்மா, கனகேஸ்வரியின் ஒழுங்கையைச் சேர்ந்தவர், கண்ணை அகல விரித்துத் திரும்பினார். "உங்களையே சம்பந்தி எண்டு கூப்பிடுறா?"

கனகேஸ்வரி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மீன் கனம்.

"ஓம்" என்றார்.

அவர் முறை வந்தது. மீனைக் கட்டையில் வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தெரியுங்க. துண்டு விரல் மொத்தம், தலை நாலா." துண்டுகளைப் போட்டு முடித்துவிட்டு அங்கம்மா தலையில் கத்தியை ஓங்கிப் போட்டாள், நாலும் ஒரே அளவில் விழுந்தன. பொதியைச் சம்பந்தியின் கையில் கொடுத்துவிட்டுக் கட்டையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"அடுத்த ஆள் வாங்க."