கழுவிவிட்ட பருத்திச் செடி

செங்கமலம் என்ற பேரை நான் முதலில் கேட்டது, பெரம்பலூரைத் திருச்சியிலிருந்து பிரித்துத் தனி ஜில்லா ஆக்கிய வருஷம். என் நாத்தனார் மகன் இராமலிங்கத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள், "மீன்சுருட்டிப் பொண்ணு, பேரு செங்கமலம், வாய் கொஞ்சம் நீளம்" என்றார்கள். நீளமான வாய்தான். அந்த வாய் கேட்ட நியாயத்துக்கு ஒருத்தனும் பதில் சொல்லவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அரியலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் சனத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம் கண்டவர் கிடையாது. செங்கமலம்தான் தாலியைத் தவிர எல்லா நகையையும் விற்று ஒரு பருத்திக் கொல்லை வாங்கினாள். வாங்கின கொஞ்ச நாளில் புதுசாக ஒரு சிமெண்ட் ஆலை வந்தது. கொல்லைக்குக் கிழக்கே புகைக்கூண்டு. மேற்கே, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு லாரி போகிற ரோடு. இலையெல்லாம் சாம்பல் பூசினாற்போல் ஆயிற்று. பஞ்சைக் கையில் எடுத்த வியாபாரி, "மூட்டையில இருக்கிறது பஞ்சா சிமெண்டா அக்கா?" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனான்.

அவள் அலைய ஆரம்பித்தாள். மாசு ஆபீசில், "புகைக்கூண்டு மட்டுந்தான் எங்களுது, லாரித் தூசிக்குச் சுரங்க ஆபீஸ் போ" என்றார்கள். சுரங்க ஆபீசில், "குழிக்குள்ள நடந்தா சொல்லு, ரோடு எங்களுது இல்ல." ரோட்டு ஆபீசில், "ரோட்டுல பள்ளம் விழுந்தா வா." நடுவில் அரியலூரைத் தனி ஜில்லா ஆக்கினார்கள், மறு வருஷமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். "என் மனு எந்த ஊர்ல கெடக்கு?" என்று இவள் கேட்டதற்கு, "அதத்தாம்மா நாங்களும் தேடுறோம்" என்று சிரித்தானாம் ஒருத்தன். சிரிப்பு வருகிறது பாருங்கள் அவனுக்கு!

கடைசியில் மாசு ஆபீசர் நேரில் வரச் சம்மதித்தார். வழிகாட்டி அழைத்துவர அவள் விடியலிலேயே அரியலூர் போய்விட்டாள். பெரிய மனுஷர் வருகிறார் என்றால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? தெருவெல்லாம் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போட்டார்கள். இராமலிங்கம் மருந்தடிக்கிற மெஷினில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஜீப்பு வந்து நிற்கிற கிழக்குப் பக்கத்துச் செடியையெல்லாம் அலசிவிட்டான்.

இறங்கின ஆபீசர் ஓர் இலையைத் தடவினார். "எங்கம்மா தூசி?"

செங்கமலம் புருஷனைப் பார்த்தாள். மெஷின் இன்னும் அவன் முதுகில் இருந்தது.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்க?"

"வர்றவரு சட்ட பாழாயிடுமே புள்ள."

அவரை மேற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு ஓடினாள். அங்கே செடி வெளுத்து நின்றது. "இதப் பாருங்க சார்!"

"இது லாரித் தூசி. சுரங்க ஆபீஸ்ல சொல்லும்மா."

"எந்தத் தூசி எந்த ஆபீசுன்னு என் செடிக்குத் தெரியுமா சார்?"

புகைக்கூண்டால் பயிருக்குச் சேதமில்லை என்று அவர் எழுதிக்கொடுத்தார். அதைக் காட்டியே மற்ற ஆபீசெல்லாம் கையை விரித்தது.

எல்லாரும் இராமலிங்கத்தைத் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். அவன் கழுவினது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அந்த வழியாகத்தானே இவர்கள் ஜீப்பு போயிற்று, அப்போது கண் எங்கே போச்சு?

அடுத்த இரண்டு வெள்ளாமையும் பாழ். ஆலைத் தரகன் கேட்ட விலைக்குக் கொல்லையைக் கொடுத்தார்கள். செங்கமலம் இப்போது புருஷனோடு வரதராஜன்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறாள். கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள்.