பாடு இல்லை என்றார் அப்பா

அப்பாவை எடுத்த அன்று வந்தவர்களில் பலர், "பாடு படாம போய்ட்டாரு, புண்ணியவான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஓராண்டு முடிந்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆகவே அப்பா பட்ட பாட்டை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அப்பா நாகப்பட்டினம் பக்கத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு புயல் வள்ளத்தையும் வலையையும் கொண்டுபோன பிறகு, அம்மாவோடு கப்பலேறி மலாயாவில் லுக்குட் அருகே ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுப்பார். மத்தியானத்துக்கு மேல், அதே கரையிலிருந்து வந்த சில குடும்பங்களோடு தோட்டத்தை ஒட்டிய ஆற்றில் வலை வீசுவார். எங்கள் வயிறு பாதி நிறைந்தது அந்த ஆற்றால்தான். வலையைத் தோளில் போட்டுப் போகும்போது மட்டும் அப்பா சீட்டியடிப்பார் என்று அம்மா சொல்வார்கள்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. நாங்கள் குடியிருந்த லய வீடுகளைப் பிரித்து, எங்களை முள்வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஆறு வேலிக்கு வெளியே. பொழுது சாய்வதற்குள் கேட்டை அடைத்துவிடுவார்கள். மீன் ஏறி வரும் நேரம் அவர்களைக் கேட்டா வரும்? கிடைத்த நேரத்தில் வீசி, அப்பா ஏதோ கொண்டுவந்தார். அதுவும் நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை. ரப்பர் ஆலையின் ஆசிட் தண்ணீரை ஆற்றில் திறந்துவிட்டார்கள். மீனெல்லாம் செத்து மிதந்தன. முறையிடப் போனவர்களிடம், மரம் வெட்ட வந்தவனுக்கு மீன் எதற்கு என்று கேட்டாராம் எங்களை வேலை வாங்கிய மண்டோர். கேட்ட வாய் நன்றாக இருக்கட்டும்.

அதன்பின் அப்பா பேச்சைக் குறைத்தார். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. வேலை முடிந்ததும் வலையை மடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிடுவார். லயத்தில் கிறுக்கு என்று பெயர் வைத்தார்கள். அப்பாவோடு ஒரே கப்பலில் வந்த ஊர்க்காரரை நாங்கள் மாமா என்போம். அவர்தான் அப்பாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் கூட்டிப்போனார். அங்கே நடந்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, உடம்புக்கு ஏதும் பாடு இருக்கா?" என்று கேட்டார் டிரெஸர்.

"பாடு இல்லைங்க. பாடே இல்ல," என்றார் அப்பா.

பாடு இல்லாதவனை ஏன் இழுத்துவந்தாய் என்று டிரெஸர் மாமாவை ஏசினார். எங்கள் கரையில் பாடு என்றால் வலையில் விழும் மீன். மாமாவுக்கு அது தெரியும்.

"அவன் மீன் இல்லன்னு சொல்றான்யா. நீங்க நோவு இல்லன்னு அனுப்புறீங்களே."

டிரெஸர் சிரித்தார். அப்பாவுக்கு மருந்தும் இல்லை, ஒரு நல்ல வார்த்தையும் இல்லை. அதன்பின் அவர் வேலைக்கு எழ முடியாத காலையெல்லாம் சோம்பல் என்றே ஆனது.

நாங்கள் லுக்குட்டுக்குக் குடிவந்த பின்னும் அந்தப் பாரம் அவரை விடவில்லை. அப்பா யாரையும் ஏசியதில்லை. அவருக்கும் சேர்த்து நான் ஏசுகிறேன். கடைசி நாட்களில் மருத்துவமனையில் ஒரு தமிழ் நர்ஸ் பிள்ளை, பாடு ஏதும் இருக்கா தாத்தா என்று குனிந்து கேட்டது. அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இருக்கா? ஆத்துலயா?"



மாமாவின் குடும்பத்துக்கும், மருத்துவமனையில் துணையிருந்தவர்களுக்கும், அப்பாவைச் சுமந்த பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. கிறுக்கு என்றவர்கள் வீட்டுக்கும் இந்த மலர் வரும். வாசிக்கட்டும். உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பா பாடு படாமல் போனார் என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள். பாடு இல்லாமல் போனார் என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.