பதினொரு பாகை

அம்மாவின் அண்ணன், என் மாமா, இறந்து ஓராண்டு கழித்து அவருடைய கார் எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் ஊரான கெலிஓயாவில் சொன்னபடி கேட்டு ஓடும். தெல்தோட்டை மலைப்பாதையில் ஏறினாலோ, ஒரு வளைவில் மட்டும் விக்கி நின்றுவிடும். மாமா கடைசியாகக் காரை நிறுத்திய வளைவு அது. ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தவரை, விடிந்தபின் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவர்கள்தான் பார்த்தார்களாம். உடம்பு சில்லென்று இருந்ததாம்.

அப்பா கராஜ்காரர், பேய்க்கதை எடுபடாது. இஞ்சின் இழுக்கிற காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சரில்தான் கோளாறு என்றார். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், பெற்றோலும் கூட வேண்டும். மலையேறும்போது அந்தக் கணக்கு பிசகுகிறது. ஐஸ் கட்டி வைத்தும், தலை காயவைக்கும் மெஷினால் சூடு காட்டியும் ஒரு நாள் முழுக்கச் சோதித்தார். சென்சர் ஒரு பாகைகூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் புறப்பட்டோம். அம்மா முன்சீட்டில் லெப்டொப்பை மடியில் வைத்து, சென்சர் காட்டும் வெப்பநிலையை வாசித்தபடி வந்தார். நான் பின்னால். நல்ல வெயில்.

“இருபத்தாறு… இருபத்தஞ்சு…” வளைவு வந்தது. “பதினொண்ணுங்க!”

இஞ்சின் நின்றது.

நான் கையை வெளியே நீட்டினேன். வெயில் சுட்டது. பொனட்டைத் திறந்து காற்றுக்குழாயைத் தொட்ட அப்பா, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

கீழே போய் மறுபடி ஏறினோம். அதே இடம், அதே பதினொன்று.

“வெளிய இம்புட்டு வெயிலு. இதுக்குள்ள மட்டும் எப்பிடிக் குளிருது?” என்றார் அப்பா. அம்மா திரையிலிருந்த எண்ணை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

குளிருக்கென்று கூட்டித் தரும் பெற்றோலில்தான் இஞ்சின் மூச்சுமுட்டுகிறது என்று, அப்பா லெப்டொப்பை வாங்கி, பதினொரு பாகைக்கு நேரே இருந்த பெற்றோல் அளவைக் குறைத்தார். மூன்றாம் முறை ஏறினோம். “பதினொண்ணு” என்றார் அம்மா, மெதுவாக. கார் ஒருமுறை உதறியது. நிற்காமல் வளைவைத் தாண்டியது. நான் கைதட்டினேன்.

அம்மா திரும்பி, பின்கண்ணாடி வழியே அந்த இடத்தையே பார்த்தார்.

“இனி அங்க நிக்காதாங்க?”

“நிக்காது. சரியாக்கிட்டேன்ல.”

அம்மாவின் தோள்கள் குலுங்கின. ஓடாத கார் ஓடுகிறது, இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று, வீடு வரும்வரை எனக்கு அவர்மேல் கோபமாகவே இருந்தது.