உப்புத்தாளில் போன பல்தடம்

மேல்பல் இரண்டு பதிந்த தடம் அது. ஒன்று ஆழமாக இருக்கும்; மற்றது கொஞ்சம் சரிந்து, நெல்மணி ஒன்று சாய்ந்து கிடக்கிற மாதிரி இருக்கும். கருப்பு ரப்பரில் செய்த பழைய சாக்ஸபோன் மவுத்பீஸ் ஒன்றின் முதுகில் அதைப் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அளவு தப்பாமல் வரைந்து காட்டுவேன். அப்படி வரையத் தெரிந்தவன் உலகத்தில் இப்போது நான் ஒருவன்தான். என் பெருமைகளில் இதை மட்டும் நான் சேர்ப்பதில்லை.

மற்றப் பெருமைகள் எனக்கு நிறையவே உண்டு. பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. பேண்டு செட்டில் ஜால்ரா தட்டப் போனவன், பத்து வருஷத்தில் சொந்தமாக செட்டு வைத்தேன். இராமநாதபுரத்தில் வாத்தியக் கடையும் போட்டேன். தொண்டியிலிருந்து பரமக்குடி வரைக்கும் கல்யாணத்திலோ கோயில் விழாவிலோ சாக்ஸபோன் ஊதுகிறவன் வாயில் இருப்பது என் கடைச் சரக்காகத்தான் இருக்கும். ஊதுவதற்கு வாய் வைக்கும் முனையைத்தான் மவுத்பீஸ் என்பது. நல்ல வெளிநாட்டுச் சரக்கு வாங்க வக்கில்லாமல் ஊதுவதையே விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காக மலிவான பிளாஸ்டிக் மவுத்பீஸை இந்தப் பக்கம் முதலில் இறக்கியவன் நான். அதற்கும் முடியாதவர்களுக்குப் பழசை வாங்கிப் புதுசாக்கிக் கொடுத்தேன். ஊதுகிறவன் மேல்பல்லை அதன் முதுகில் ஊன்றித்தான் ஊதவேண்டும். நாளாக நாளாகப் பல் பதிந்து பள்ளம் விழும். அடுத்தவன் எச்சில் பட்ட பள்ளத்தில் தன் பல்லை வைக்க எவனுக்கு மனசு வரும்? அதனால் தண்ணீர்ச் சட்டியில் முக்கி முக்கி உப்புத்தாளால் தேய்ப்பேன். பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் தடமே தெரியாது. அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

என் செட்டில் அப்போது சாக்ஸபோன் ஊதியவர் மண்டபம் அகதி முகாமில் இருந்த இலங்கைக்காரர். எல்லோருக்கும் அவர் முகாம் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாத்தியம் என்னுடையது, மவுத்பீஸ் அவருடையது. ஊதி முடித்ததும் அதைக் கழற்றித் துடைத்து, துணிப்பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார். என் பிளாஸ்டிக் சரக்கை நீட்டினால் சிரிப்பார். "இது சோடாப் போத்தல் மூடியெல்லோ தம்பி. நீங்கள் வித்துக்கொள்ளுங்கோ, நான் ஊதமாட்டன்" என்பார். செட்டே சேர்ந்து சிரிக்கும். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் திருப்பாலைக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு அவர் வாசித்தபோது, வலை காயப்போட்டவர்கள் போட்ட கையை அப்படியே நிறுத்திக் கேட்டதைப் பார்த்தவன் நான். அதனால் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் கடைக்கு வந்தார். வாத்தியத்தின் கழுத்தில் சுற்றிய கார்க் தேய்ந்துபோய் மவுத்பீஸ் நிற்காமல் ஆடியது. புதுக் கார்க்கை அளவு பார்த்துச் சீவுவதற்கு மவுத்பீஸ் என் கையில் இருக்கவேண்டும். அன்று முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாள்; நேரில் நிற்காதவர் பெயரை அடித்துவிடுவார்கள். தயங்கித் தயங்கித் துணிப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

கார்க் வேலை அரைமணியில் முடிந்தது. மவுத்பீஸைத் திருப்பினேன், முதுகில் அந்த இரண்டு தடம். சோடா மூடி என்றவருக்கு என் கைவேலையைக் காட்டவேண்டும் என்று தோன்றியது. அன்பு இல்லாமல் இல்லை, ஆனால் வீம்புதான் அதிகம். சட்டியில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ரப்பர் தேயும்போது கந்தக வாடை வரும். சரிந்த பல்லின் தடம் சீக்கிரம் போய்விட்டது. ஆழமான பல் லேசில் போகவில்லை. மூன்று தாள் மாற்றினேன்.

பிற்பகல் வந்தார். "பாத்தீகளாண்ணே, வாங்குன அன்னைக்குக்கூட இம்புட்டுப் பளபளப்பு இருந்திருக்காது" என்று நீட்டினேன். கட்டைவிரலை அதன் முதுகில் வைத்துத் தடவினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தடவினார். இருட்டில் படி எங்கே என்று கால் துழாவுமே, அப்படி அந்த விரல் துழாவியது.

"இதில என்ர மகன்ர பல்லு இருந்தது, தம்பி."

சத்தமில்லாமல்தான் சொன்னார். கடலைத் தாண்டக் கிளம்பிய அன்று படகுக்காரன் வாத்தியத்தை ஏற்ற மறுத்துவிட்டானாம். அது மகன் ஊதிப் பழகிய வாத்தியம். அவன் மவுத்பீஸை மட்டும் கழற்றி, எச்சில் ஈரம் காயாமல் அப்பா கையில் கொடுத்து, நீங்கள் முன்னால் போங்கோ, நான் குழலோடு பின்னால் வாறன் என்றானாம். பின்னால் வந்த எந்தப் படகிலும் அவன் இல்லை. செத்துப்போனான் என்று சொன்னவரும் இல்லை. அதனால் அவர் காரியம் எதுவும் செய்யவில்லை. மேலுதட்டை மடித்து அவர் ஊதுவதை ஒரு தனிப் பாணி என்று ஊரெல்லாம் நான் பீற்றிக்கொண்டிருந்தேன். மகனுடைய தடத்தில் தன் பல் படக்கூடாது என்று அத்தனை வருஷமும் அப்படி ஊதியிருக்கிறார்.

"தேய்ச்ச தண்ணிய எங்க ஊத்தினீங்கள்?" என்று கேட்டார்.

"கடைக்குப் பின்னாடி, வேம்புக்கு அடியில, அங்கன."

போய்க் குந்தினார். மண் இன்னும் ஈரமாக, மேலே லேசாகக் கறுத்துக் கிடந்தது. இரண்டு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்தார்.

அடுத்த அமாவாசைக்கு இராமேஸ்வரம் போனார். கூப்பிடாமலே நானும் போனேன். அக்னி தீர்த்தத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஐயர் சொன்னபடி மகன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். பிறகு அந்த மண்ணை அவிழ்த்துக் கரைத்தார். கரையேறும்போது, "அதைத் தடவினால் அவன் இருக்கிறான் எண்டு ஒரு எண்ணம் வரும் தம்பி. இனி எதைத் தடவுறது?" என்றார். கரையில் வைத்திருந்த அவர் துண்டை எடுத்து நீட்டினேன்.

அதற்குப் பிறகு என் பிளாஸ்டிக் மவுத்பீஸில்தான் ஊதினார். பல்லை நன்றாக ஊன்றி ஊதினார். வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலைக்காரர்கள் மட்டும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இப்போது தடத்தைத் தேய்ப்பதில்லை. பழசை அப்படியே வைத்திருக்கிறேன். "என்ன மொதலாளி, எவனோ கடிச்ச மிச்சத்த எங்க தலையில கட்டுறீகளே" என்று கேலி பேசுகிறார்கள்; பேசட்டும். வெளிநாட்டிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்களில் யாராவது யாழ்ப்பாணப் பேச்சோடு கடைக்குள் நுழைந்தால், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆளாக இருந்தால், அவர் கேட்பது என் காதில் ஏறுவதில்லை. மேல்பல்லைத்தான் பார்க்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒரு தகப்பனை எள்ளிறைக்க வைத்துவிட்டேனோ என்கிற நினைப்பு சோற்றில் கை வைக்கும்போதும் வருகிறது.

முகாம் அண்ணன் போன வருஷம் காலமானார். செய்ய ஆளில்லை. இந்த ஆடி அமாவாசைக்கு அவருக்காக நான் போய்க் கடலில் இறங்கினேன். எள்ளை என் கையில் வைத்த ஐயர், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். கடைக்காரன் என்றேன். "ஏன், அவருக்குப் பிள்ளை இல்லையா?" என்றார்.

"இருக்கான் சாமி. இன்னும் வந்து சேரல."

அவர் தலையசைத்துத் தண்ணீரை ஊற்றினார். எள்ளில் பாதி இறங்கவில்லை. ஈரக் கையில் ஒட்டிக்கொண்டே இருந்தது.