நாற்பத்தெட்டு காட்டிய பெட்டி

காளியண்ணன் அந்தப் பெட்டியை முதன்முதலில் பார்த்தபோது அது ஒரு கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. 1981ஆம் வருடம், கம்போங் ராஜா என்ற மலை டவுனில் ஒரு பழைய இரும்புக் கடை. எங்கோ மூடிவிட்ட வானொலி நிலையத்திலிருந்து கழித்துப்போட்ட சாமான் என்றார் தவுக்கே, கடையின் சீன முதலாளி. முகப்பில் கட்டைவிரல் தடிமனில் ஆறு கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கம்பியில் வளைத்த பத்து எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வயர்மேனாக இருந்த காளியண்ணனுக்கு அதன் பிறகு கால் நகரவில்லை. கதவுக்கு ஒரு மரக்கட்டையைத் தேடி வைத்துவிட்டுப் பெட்டியை வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டினார்.

வீட்டில், கொழுந்து பறித்துவிட்டு வந்த மனைவி பாஞ்சாலை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுல பாட்டு வருமாங்க?"

"வராது."

"படம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்னாதான் செய்யும்?"

"எண்ணும். கரண்டு ஒரு செகண்டுக்கு எத்தன தடவ துடிக்குதுன்னு எண்ணிச் சொல்லும்."

"சொன்னா?"

காளியண்ணன் மறுநாளே பெட்டியைத் தொழிற்சாலை இன்ஜின் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஆறு மாதம் பிடித்தது. எலிக்கூட்டை எடுத்தார். வெடித்துக் கிடந்த கெப்பாசிட்டர்களை மாற்றினார். துருவை மண்ணெண்ணெயால் துடைத்தார். இரண்டு முறை ஷாக் அடித்து, இரண்டு முறையும் பக்கத்திலிருந்த தேயிலை மூட்டைமேல் பத்திரமாக விழுந்தார். ஒரு குழலில் எட்டு மட்டும் அரைகுறையாகத் தெரிந்தது. அந்த எண்ணை மட்டும் நாள்கணக்கில் எரியவிட்ட பிறகு வழிக்கு வந்தது.

கடைசியில் ஆறு குழல்களும் அடுப்புத் தணல்போல் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன. எண்ணிப் பார்க்கத் தோட்டத்து ஜெனரேட்டர் கரண்டைத் தவிர அவரிடம் வேறு என்ன இருக்கிறது? கொடுத்தார். செகண்டுக்கு ஐம்பது துடிப்பு வர வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு என்றது பெட்டி.

மறுபடியும் பிரித்தார், மாட்டினார். நாற்பத்தெட்டு. தட்டினார், கெஞ்சினார், திட்டினார். நாற்பத்தெட்டுதான்.

பொறுக்கமாட்டாமல் பெட்டியைப் பாஞ்சாலையின் பழைய சேலையில் சுற்றி, கம்போங் ராஜாவில் கடிகாரம் பழுதுபார்க்கும் மாடசாமியின் கடைக்குக் கொண்டுபோனார். டவுன் கரண்டில் செருகியதும் பெட்டி தயங்காமல் ஐம்பது காட்டியது.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு. ஒங்க தோட்டத்து ஆளுங்க கடிகாரந்தான் சரியில்ல. காலையில சங்குக்குச் சரி பண்ணி வச்சா, சாயங்காலச் சங்குக்குள்ள அரைமணி முன்னுக்கு ஓடிருதாம். நானும் எட்டு வருசமா மெதுவாக்கி மெதுவாக்கி அனுப்புறேன்லா" என்றார் மாடசாமி.

காளியண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தொழிற்சாலைச் சுவர்க் கடிகாரம் கரண்டின் துடிப்பை எண்ணி ஓடுவது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் தினமும் காலை ஆறு மணிக்கு ரேடியோவைக் கேட்டு அதைத் திருப்பி வைப்பார். மாலை நான்குக்கு அதைப் பார்த்துத்தான் வேலை முடியும் சங்கு ஊதுவார்கள். இன்ஜின் மெதுவாக ஓடினால் கடிகாரமும் மெதுவாக ஓடும். அப்படியானால் தோட்டமே தினமும் இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது!

இன்ஜின் அறைக்குத் திரும்பிப் பெட்டியை மறுபடியும் செருகிக் காட்டியும் கிராணி இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"ரேடியோ சொல்றது கோலாலம்பூர் டைம்பா. மலைமேல குளிர்ல டைம் கொஞ்சம் மெதுவாத்தான் போகும்."

"காலையில மட்டும் எப்படிங்கய்யா ரெண்டும் ஒண்ணா இருக்கு?"

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கும் முன் தோட்ட மேனேஜர் துரை வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதையும் மாடசாமிதான் இரண்டு தடவை மெதுவாக்கியிருந்தார்.

"சரி பண்ணு" என்றார் துரை.

காளியண்ணன் இன்ஜின் வேகத்திருகை ஸ்பேனரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். நாற்பத்தொன்பது. ஐம்பது. இன்ஜின் அறையில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சங்கு சரியாக நான்கு மணிக்கு ஊதியது. சரிவில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேலை முடிய இன்னும் நேரம் கிடக்கிறதே, இப்போது எதற்குச் சங்கு? தொழிற்சாலையில் தீப்பிடித்திருந்தால்தான் உண்டு!

கூடைகளை அப்படியே போட்டுவிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஓடிவந்தார்கள். வழியில் கிடந்த வாளி, தகர டின் ஒன்றையும் விடவில்லை. எல்லோருக்கும் முன்னால், தளும்பும் வாளியோடு பாஞ்சாலை. இன்ஜின் அறைக்குள் பாய்ந்தவள் கண்ணில் முதலில் பட்டது இருட்டு மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தகதகத்த பெட்டி.

"ஊத்தாத புள்ள!" என்று அலறிக்கொண்டு காளியண்ணன் குறுக்கே பாய்ந்தார். பெட்டிமேல் ஒரு சொட்டு விழவில்லை. வாளித் தண்ணீர் முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார்.