தோளைப் பார்த்தவர்

முதலில் பந்துதான் காட்டிக்கொடுத்தது. எப்போதும் தவறாத இடத்திலிருந்து கூடைக்கு எறிந்தேன், வலையைக்கூடத் தொடவில்லை. மறுநாள் பாதங்கள் மரத்தன. அதற்கு அடுத்த நாள், பாலையூற்றில் எங்கள் வீட்டுப் படியை என்னால் ஏற முடியவில்லை.

கில்லன்-பரே நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குவது) என்றார் மருத்துவர். வயிற்றோட்டத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருமாம். தளர்ச்சி காலிலிருந்து மேலேறும். மார்பை எட்டினால் மூச்சு நின்றுபோகலாம்.

எட்டிவிட்டதா என்று பார்க்க, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் செயற்கைச் சுவாசம் (தொண்டைக்குள் குழாய் விட்டு இயந்திரத்தால் மூச்சுக் கொடுப்பது). அந்தக் குழாயை நினைத்தாலே எனக்குப் பயம். அதைவிட, தோற்கப் பிடிக்காது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். மருத்துவர் சொல்வதை அம்மாவுக்கு விளக்கியவளும் நானே.

"என்னவாம் மகள்?"

"நல்லமாம் அம்மா. மருந்து வேலை செய்யுதாம்."

நான் எண்ணும்போது இடையில் களவாக மூச்சு இழுத்தேன். களைப்பை மறைக்க எனக்கு நன்றாகத் தெரியும். கற்றுத் தந்தவர் ஜெராட் சேர்.

அவர் எங்கள் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்றுநர். தோற்கும் அணிகளைத் தேடிப்போய்ப் பயிற்றுவிப்பவர். எங்களில் பாதிப் பேருக்குக் காலுக்குச் சரியான சப்பாத்து இல்லை. மாறி மாறிப் போட்டுக்கொள்வோம். அவரிடம் ஒரே கண்டிப்பு.

"முப்பது புள்ளியால தோத்தாலும் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ பிள்ளையள். களைச்சதைக் கண்டா அவையள் இன்னும் பத்துப் போடுவினம்."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்து நிற்போம். நாங்கள் அதிகம் வென்றதில்லை. குனிந்தும் நின்றதில்லை.

அன்று சேர் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்திருந்தபோது மருத்துவர் மறுபடி வந்தார். "எண்ணுங்கோ தங்கச்சி." எண்ணினேன். மருத்துவர் குறிப்பெழுதத் திரும்பினார். சேரின் முகத்தில் சிரிப்பில்லை.

"டொக்டர், அதை எழுதாதேங்கோ. இவ களவா மூச்சு எடுக்கிறா. நான் தோளைப் பாத்தனான்."

"சேர், நீங்கள் சும்மா…" என்று தொடங்கினேன். வசனத்தை முடிக்க மூச்சு இருக்கவில்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்தா. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அப்போதே என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிச் சென்றார்கள். சேர் காட்டிக்கொடுத்துவிட்டார் என்ற கோபத்தோடுதான், குழாய் விடத் தந்த மருந்தில் மயங்கினேன். இரவுவரை விட்டிருந்தால் பிந்தியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மருத்துவர் எதிரணி அல்ல. மூச்சு இளைத்தால் இளைக்கிறது என்று சொல்லுங்கள்.

குழாயை எடுத்த பின் கட்டிலருகே போட்ட கதிரையில் உட்கார்ந்து எழும்பப் பழகினேன். சேர் அடிக்கடி வருவார்.

"இண்டைக்கு ஆரோட மெச்? கதிரையோடயோ?"

"ஓம் சேர். அதுதான் வெல்லுது."

"அப்ப முழங்காலைப் பிடிச்சு எழும்பு பிள்ளை. கதிரை பாயின்ற் போடாது."

ஒருநாள் சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு மேலே சேருக்காகக் காத்திருந்தேன். சேர் பாதிப் படியில் நின்று, துறைமுகம் தெரியும் யன்னலைப் பார்த்தார். கைகள் முதுகுக்குப் பின்னால், உடல் நேராக.

"என்ன சேர், களைச்சுப்போனீங்களோ?"

"சீச்சீ. கப்பல் பாக்கிறன்."

நானும் பார்த்தேன். துறைமுகத்தில் அன்று கப்பல் எதுவும் இல்லை. நான் சிரித்தேன். அவருடைய தோளைப் பார்க்கவில்லை.

நான் வீடு திரும்பி ஒரு கிழமைக்குள் அவர் மாரடைப்பால் இறந்தார். நெஞ்சுவலியைச் சில மாதங்களாக ஒருவரிடமும் சொல்லவில்லையாம். இறுதித் திருப்பலிக்கு அணி முழுவதும் வந்திருந்தது. எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். நான் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நடக்கிறேன். பாதங்களில் இன்னும் மரத்த இடங்கள் உண்டு. முன்பு ஒரு நாளின் பலத்தை எடுத்த எடுப்பிலேயே செலவழித்துவிடுவேன். இப்போது காலையிலேயே மாலைக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். மாலையில் திடலுக்குப் போகிறேன். சில தடவை எறிந்ததுமே மூச்சு வாங்கும்.

அப்போது திடலின் நடுவில், எல்லோரும் பார்க்க, குனிந்து இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொள்கிறேன். மூச்சு திரும்பும்வரை பந்து தன்பாட்டில் உருண்டு போகட்டும்.